அண்ணனுக்காகப் போட்ட கையெழுத்தும் மகளின் சென்சாரும்

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்குமாக மாதம் 80,000 ரூபாய் கைக்கு வருகிறது. 12 வயது மகளுக்கு ஐந்து ஆண்டுகளாக டைப் 1 சர்க்கரை நோய். மகனுக்கு 8 வயது. வரும் மே விடுமுறையில் என் அண்ணன் குடும்பமும் நாங்களுமாக எட்டுப் பேர் சிங்கப்பூர் போய் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்த்துவர, பயண முகவரிடம் அண்ணன் 5 லட்சம் ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறார். அவருடைய சிபில் மதிப்பெண் குறைவு என்பதால் கடன் என் பெயரில். தவணையில் பாதியைத் தருவதாகச் சொல்கிறார். அவர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்காக 22 மாதங்களுக்கு முன் என் பெயரில் 3 லட்சம் எடுத்தோம். 15 சதவீத வட்டி, 36 மாதம். ஐந்து தவணை கட்டிவிட்டு, கை இறுக்கம் என்று நிறுத்திவிட்டார். 10,400 ரூபாயை நான்தான் கட்டிவருகிறேன். மகளுக்கு, தோலில் பொருத்தினால் சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சாரை 17 மாதங்களாக வாங்கவில்லை, விரலில் குத்தித்தான் பார்க்கிறோம். வங்கியில் நிலையான வைப்புநிதியாக 1,60,000 ரூபாய் இருக்கிறது. எல்லாச் செலவும் போக மாதம் 5,000 மிஞ்சும். எந்த வங்கியில் வட்டி குறைவு? செயலிகளில் வரும் ‘இப்போது பயணம், பிறகு பணம்’ திட்டம் சரிப்படுமா? பயணக் காப்பீடு எடுத்தால் மகளுக்குப் போதுமா? “ரோலர் கோஸ்டர்ல ஏறினா சுகர் ஏறுமா, இறங்குமாப்பா?” என்று அவள் தினமும் கேட்கிறாள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு எண்கள் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. அண்ணன் ஐந்து தவணையோடு நிறுத்தியபின் நீங்கள் கட்டியவை 17 தவணைகள். மகளுக்குச் சென்சார் வாங்காமல் இருப்பதும் 17 மாதங்கள். இந்த இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் சேர்த்துப் பார்த்த ஒருவர் வட்டி எங்கே குறைவு என்று கேட்டிருக்க மாட்டார். பதினான்கு நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 26 சென்சார்கள் வேண்டும். ஒன்று சுமார் 4,800 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,24,800, மாதத்துக்கு 10,400 ரூபாய். அண்ணன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு நீங்கள் கட்டும் தவணையும் அதே 10,400தான். தவணை மாதந்தோறும் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது, சென்சாரோ நீங்கள் கடைக்குப் போனால்தான் வரும் என்பதால், எது நின்றுபோகும் என்பதை உங்களுக்காக வங்கி முடிவு செய்துவிட்டது.

எனவே வட்டி விகிதத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 5 லட்சம் ரூபாயை 14 சதவீதத்தில் 36 மாதத்துக்கு வாங்கினால் தவணை ஏறத்தாழ 17,100. 13 சதவீதத்தில் கிடைத்தால் 16,850. ஒரு சதவீதத்துக்காக நீங்கள் வங்கி வங்கியாக அலைந்தாலும் மாதம் 250 ரூபாய்தான் மிச்சமாகும். அண்ணன் இந்த முறையும் ஐந்து மாதத்தில் நிறுத்திவிட்டால், பழைய தவணையும் சேர்த்து மாதம் 27,500 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். அது குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இப்போது மிஞ்சுகிற 5,000 ரூபாயைக் கொண்டு அதை எப்படிச் சமாளிப்பீர்கள்? அடுத்து நிற்கப்போவது குத்திப் பார்க்கும் ஸ்டிரிப்பா, இன்சுலினா என்று யோசிக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

உங்களைக் கெடுப்பது சுற்றுலா ஆசையன்று. அண்ணனின் தேவைக்கு உங்கள் பெயரில் கையெழுத்துப் போடும் பழக்கம்தான் கெடுக்கிறது. வங்கியைப் பொறுத்தவரை உங்கள் அண்ணன் என்று ஒருவர் இல்லை. அவர் பாதி தருவதாகச் சொன்னது எந்தப் பத்திரத்திலும் இருக்காது. தவணை தவறினால் சரியப்போவது உங்கள் சிபில் மதிப்பெண். அவருடைய மதிப்பெண் குறைந்ததால் வங்கி அவருக்குக் கொடுக்கத் தயங்குகிற பணத்தை, அந்தத் தயக்கத்துக்கான காரணத்தை நேரில் 17 மாதம் அனுபவித்த நீங்கள் கொடுக்க முன்வருகிறீர்கள். மேலும், வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் கட்டுபவரின் பான் எண்ணில் வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். கணக்குத் தாக்கல் செய்து அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், அண்ணன் குடும்பத்துக்கான பிடித்தத்தையும் அதுவரை சுமப்பவர் நீங்கள்தான்.

‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்பது பெயர் மாற்றிய தனிநபர் கடன். வட்டியில்லாத் தவணை என்று அழகாக விளம்பரம் செய்தாலும், ரொக்கமாகக் கட்டியிருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை இழப்பீர்கள், பிராசஸிங் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் தனியாக வரும். செயலியில் நான்கு முறை விரலால் தொட்டால் கடன் கிடைத்துவிடுகிறது என்பதே அதன் கவர்ச்சி. ஏற்கெனவே எளிதில் கையெழுத்துப் போட்டுவிடும் உங்களைப் போன்ற ஒருவருக்கு அந்த எளிமைதான் பெரிய ஆபத்து. அதைத் தொடாதீர்கள்.

பயணக் காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்கான செலவைப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஏற்பதில்லை. ஏற்பவையும் உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு மட்டும், ஒரு வரம்புக்கு உட்பட்டே கொடுக்கின்றன. முகவர் தொகுப்போடு இலவசமாகச் சேர்த்துத் தரும் பாலிசியில் உங்கள் மகளின் நோய் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பிடாமல் விட்டிருந்தால் தேவைப்படும் நேரத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பிருக்காது. சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் கட்டணச் சலுகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். சுற்றுலாப் பயணிகள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். வாந்தி நிற்காமல் ஓர் இரவு சேர்த்தாலே கிரெடிட் கார்டைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தொகுப்புச் சுற்றுலாவில் பேருந்து புறப்படும் நேரமும் சாப்பாட்டு நேரமும் முகவர் வைப்பது. ஊசி போட்ட பிறகு சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டுப் பேர் வரிசையில் நிற்கும்போது, தன்னால் எல்லோருக்கும் தாமதமாகிறது என்று அந்தக் குழந்தை பசியையும் நடுக்கத்தையும் சொல்லாமல் அடக்கிக்கொள்வாள். பெரியப்பா குடும்பம் உடன் இருந்தால் நிச்சயம் அடக்கிக்கொள்வாள்.

இப்போது பணத்துக்கு வருவோம். பழைய கடனில் இன்னும் 14 தவணைகள் இருக்கின்றன, அதாவது 1,45,600 ரூபாய். இன்று முழுதாக அடைத்தால் அசல் பாக்கி சுமார் 1,33,000 இருக்கும். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணமும் வரியும் சேர்ந்து ஐந்தாறாயிரம் ஆகலாம். வைப்புநிதியை முறித்து இந்தக் கடனை அடைத்துவிடுங்கள். வட்டியில் பெரிய மிச்சம் இல்லை என்பது எனக்கும் தெரியும். கையிருப்பு 21,000 ரூபாய்க்குச் சுருங்குகிறது என்பதும் தெரியும். வேறொரு குடும்பமாக இருந்தால் இதைச் சொல்லத் தயங்கியிருப்பேன். உங்கள் வீட்டிலோ மாதம் 10,400 ரூபாய் விடுபடுவது, அப்படியே சென்சாராக மாறி மகளின் கைக்குப் போவது. அலுவலகக் குழுக் காப்பீட்டில் மகளின் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும் இந்த வாரமே மனிதவளப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டு உறுதி செய்துகொண்டு பிறகு வைப்புநிதியில் கை வையுங்கள்.

அண்ணனிடம் வங்கி கடன் தர மறுத்துவிட்டது என்று பொய் சொல்லாதீர்கள்; அவர் இன்னொரு வங்கியின் பெயரோடு மறுநாளே வருவார். வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அந்தப் 17 பதிவுகளையும் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டுங்கள். மொத்தம் 1,76,800 ரூபாய். “இதைத் திருப்பித் தர முடிந்தபோது மாதம் மூவாயிரமாகத் தாருங்கள், ஆனால் இனி என் பெயரில் கடன் வேண்டாம்” என்று அண்ணி முன்னிலையில், அமைதியாகச் சொல்லுங்கள். அவர் மனம் வருந்தலாம், நாலு நாள் பேசாமலும் இருக்கலாம். உறவுக்கு மரியாதை கொடுப்பதும் கடனுக்குப் பொறுப்பேற்பதும் ஒன்றல்ல. திரும்பிவரும் பணம் முழுவதும் கையிருப்பில் சேரட்டும். அது வராது என்று வைத்தே திட்டம் போடுங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மகளின் ஆசையை மறுப்பது நியாயமாகாது. பிறந்தநாள் கேக் முதல் பள்ளிச் சுற்றுலா வரை ஏற்கெனவே எத்தனையோ இடங்களில் ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்திருப்பாள். கொச்சியில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா, கரூரிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. பொங்கல் விடுமுறைக் கூட்டம் ஓய்ந்தபின், ஜனவரியில் ஒரு வாரநாளாகப் பார்த்து, நீங்கள் நால்வர் மட்டும் போங்கள். நுழைவுச் சீட்டுக்கு 8,000, ரயிலுக்கு 6,000, மூன்று இரவு தங்க 9,000, சாப்பாட்டுக்கும் உள்ளூர்ப் பயணத்துக்கும் 9,000 என்று ஒதுக்குங்கள். மீதி 8,000 ரூபாய் மருத்துவத்துக்கு: உபரியாக ஒரு சென்சார், ஸ்டிரிப், குளுக்கோஸ், உபரி ஊசிப் பேனா. ஆக 40,000, இப்போது மிஞ்சும் 5,000 ரூபாயை எட்டு மாதம் ஒரு தொடர் வைப்பில் போட்டால் கடனே இல்லாமல் அது சேர்ந்துவிடும்.

மூன்று இரவு என்றதற்குக் காரணம் உண்டு. நாள் முழுக்க நடந்து, நீச்சலும் அடித்த குழந்தைக்குச் சர்க்கரை பகலில் நன்றாக இருந்துவிட்டு நள்ளிரவுக்கு மேல் இறங்கக்கூடும். பணத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பூங்காவிலிருந்து நேராக இரவு ரயிலைப் பிடிக்காதீர்கள். அறையில் படுத்து, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி அளவில் எழுந்து ஒருமுறை சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இன்சுலினை அறைக் குளிர்பெட்டியின் உறைபனிப் பகுதியை ஒட்டி வைப்பதும், வெயிலில் காயும் லாக்கரில் விடுவதும் ஒரே அளவு கேடு. ஈரத்தால் குளிரும் பையில், உங்கள் தோளிலும் மனைவியின் தோளிலுமாக இரண்டாகப் பிரித்து வையுங்கள். வெளி உணவுக்குத் தடை இருந்தாலும் மருத்துவக் காரணத்துக்கு விலக்கு கிடைக்குமா என்று பூங்காவுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலையும் மருத்துவரின் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். வரிசையைத் தாண்டிச் செல்லும் கூடுதல் கட்டணச் சீட்டை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை; உங்கள் மகளுக்கு மட்டும் அது வீண் செலவாகாது. சிங்கப்பூரும் எங்கும் போய்விடாது. கையிருப்பு 2 லட்சத்தைத் தாண்டிய பிறகு, திருச்சியிலிருந்து நேர் விமானத்தில், உங்கள் நேரப்படி, நால்வராகப் போகலாம்.

ரோலர் கோஸ்டரில் ஏறினால் சர்க்கரை ஏறுமா, இறங்குமா என்று மகள் கேட்டாளே, அவளுக்கும் பதில் சொல்லிவிடுங்கள். பயமும் பரபரப்பும் சற்று நேரத்துக்கு ஏற்றலாம், நடையும் ஓட்டமும் பிறகு இறக்கலாம். அவள் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும், மருந்தின் அளவை அவளுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அண்ணனிடம் பேசப் போவதற்கு முன்பே, இந்த வாரமே ஒரு சென்சார் வாங்கி அவள் கையில் பொருத்திவிடுங்கள். 4,800 ரூபாய் அந்த 21,000லிருந்து போகட்டும்.