கையுறையை எறிந்தால் சவால்: ‘த்ரோ டவுன் தி காண்ட்லெட்’ கேள்வி பதில்

கே: இந்த ஆங்கிலத் தொடருக்கு என்ன பொருள்?

ப: பலரறியச் சவால் விடுவது. காண்ட்லெட் என்பது கவசத்தோடு அணியும் கையுறை. பிரெஞ்சிலிருந்து வந்த சொல். கீழே கிடப்பதை எதிராளி எடுத்துவிட்டால் சவாலை ஏற்றதாகக் கணக்கு. அது ‘டேக் அப் தி காண்ட்லெட்’.

கே: கையுறையால் கன்னத்தில் அறைவதுதானே இதன் தொடக்கம்? சினிமாவில் அப்படித்தான் வருகிறது.

ப: இல்லை. அறைவது அவமானப்படுத்த, எறிவது பிணை வைக்க. 1066க்குப் பிறகு நார்மானியர்கள் சண்டையிட்டு வழக்குத் தீர்க்கும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘என் பக்கம் நியாயம், உடம்பால் நிரூபிக்கிறேன்’ என்பவன் அதற்கு ஈடாகப் போடுவதுதான் கையுறை.

கே: அவமானம் இல்லாமல் யார் சண்டைக்கு வருவார்கள்? உங்கள் விளக்கம் நம்பும்படி இல்லை. (மேலே கேட்டவரே)

ப: அப்படியானால் தார்ன்டன் வழக்கைப் பாருங்கள். 1817இல் பர்மிங்ஹாம் அருகே மேரி ஆஷ்ஃபர்ட் என்ற பெண் இறந்துகிடந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கொத்தனார் ஆபிரகாம் தார்ன்டனை ஜூரி விடுவித்தது. மேரியின் அண்ணன் வில்லியம், பழைய சட்டப்படி மீண்டும் வழக்குப் போட்டார். அந்த நவம்பரில் லண்டன் நீதிமன்றத்தில், ‘நான் குற்றவாளி அல்ல, என் உடம்பால் அதைக் காக்கத் தயார்’ என்று சொல்லி, ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு மற்றதைத் தரையில் எறிந்தார் தார்ன்டன்.

எறிந்தது யார்? குற்றம் சாட்டப்பட்டவர். அவர் யாரையும் இழிவுபடுத்தவில்லை, நீதிபதி முன் பதில் மனு கொடுக்கிறார். சண்டை நடந்தால் விதி இதுதான்: சூரிய உதயத்தில் தொடங்கி நட்சத்திரம் தெரியும்வரை தாக்குப்பிடித்தால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. வாதி பெண், சிறுவர், அறுபது வயது கடந்தவர் அல்லது பார்வையற்றவர் என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் சண்டை கேட்க முடியாது. வில்லியம் இவற்றில் எதிலும் வரவில்லை. 1818 ஏப்ரலில் நீதிபதிகள் தார்ன்டனுக்கு அந்த உரிமை உண்டு என்றார்கள். வில்லியம் மோதலை மறுத்ததால் தார்ன்டன் விடுதலையானார். 1819இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே ஒழித்தது.

கே: ‘ரன் தி காண்ட்லெட்’ இதிலிருந்து வந்ததா?

ப: இல்லை, இதைத் தயவுசெய்து குழப்பாதீர்கள். அது ‘கட்லோப்’ என்ற ஸ்வீடிஷ் சொல். ‘கட்டா’ என்றால் தெரு, ‘லோப்’ என்றால் ஓட்டம். இரண்டு வரிசையாக நிற்கும் சிப்பாய்கள் அடிக்க, தண்டனை பெற்றவன் நடுவே ஓட வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபின் ஒலி ஒத்துப்போய், எழுத்தும் ஒன்றாகிவிட்டது.

கே: முடிசூட்டு விழாவிலும் எறிவார்களாமே?

ப: ஆம். இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் ஸ்கிரிவெல்ஸ்பி ஊர் டைமோக் குடும்பத்துக்கு ‘அரசரின் சாம்பியன்’ (அரசருக்காகச் சண்டையிடுபவர்) என்ற பரம்பரைப் பொறுப்பு உண்டு. அந்தக் காலத்தில் முடிசூட்டு விருந்து நடக்கும்போது சாம்பியன் முழுக் கவசத்தோடு குதிரையில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் வருவார். அரசரின் உரிமையை மறுப்பவர் உண்டா என்று அறிவிப்பாளர் வாசிப்பார், கையுறை விழும். யாரும் எடுக்காவிட்டால் திருப்பித் தருவார்கள். இப்படி மூன்று முறை. பிறகு அரசர் பொற்கிண்ணத்தில் சாம்பியனை வாழ்த்திக் குடித்து, கிண்ணத்தையே கூலியாகக் கொடுப்பார். கடைசியாக நடந்தது 1821இல், நான்காம் ஜார்ஜுக்கு. அடுத்த அரசர் விருந்தையே கைவிட்டார். 2023 முடிசூட்டு விழாவில் அதே குடும்பத்தவர் அரசக் கொடியை ஏந்தி வந்தார்.

கே: ‘புது டார்கெட் எங்களுக்குக் காண்ட்லெட்’ என்று எழுதலாமா?

ப: கூடாது. எறிபவர் ஒருவர், எடுக்கக்கூடிய எதிராளி ஒருவர், இருவருக்கும் நடுவே ஒரு கோரிக்கை வேண்டும். வெறும் கஷ்டமான வேலைக்கு இது பொருந்தாது. போட்டி நிறுவனம் ‘இதைவிடக் குறைந்த விலையில் தர முடியுமா?’ என்று அறிவித்தால் பொருந்தும்.

கே: தமிழில் எப்படி எழுதுவது?

ப: சவால் விட்டார், அறைகூவல் விடுத்தார். ‘கையுறையை வீசினார்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

கே: வரிசையில் ஓடி அடிவாங்குவதும் இந்தக் கையுறையும் ஒன்றுதானே?

ப: ஸ்வீடிஷ் சொல்லைப் பற்றி மேலே எழுதியதைப் படியுங்கள். இரண்டும் வேறு.

கே: துப்பாக்கி டூயலில் (இருவர் விதிப்படி மோதும் சண்டை) எத்தனை அடி தள்ளி நிற்பார்கள்?

ப: அது தனித் துறை. டூயல் விதிகளைப் படித்தவரிடம் கேளுங்கள்.