பொங்கல் விடுமுறையில் பாம்பன் தீவு: முதலில் காற்றைக் கேளுங்கள்

கேள்வி: இரண்டு முறை ராமேஸ்வரம் போயிருக்கிறோம். கோயில், கலாம் நினைவிடம், அரிச்சல்முனையில் கால் மணி நேரம், அதோடு ஊர் திரும்பிவிட்டோம். இந்தப் பொங்கல் விடுமுறையில் 3 நாள் தங்குகிறோம். கணவர், 8 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயது மாமியார். கூட்டம் எட்டிப் பார்க்காத இடங்களைப் பார்க்க வேண்டும், நல்ல மீன் சாப்பாடும் வேண்டும். தீர்த்தமாடி முடிக்கும்வரை அத்தை அசைவம் தொடமாட்டார். எங்கே போகலாம், எங்கே சாப்பிடலாம்? (வாசகி, ஈரோடு)

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இடங்களின் பெயர். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: அன்றைக்கு எந்தக் காற்று வீசுகிறது, எந்தப் படகு கரைக்கு வந்திருக்கிறது. பாம்பன் தீவில் பார்க்கத் தகுந்த கரையையும் சாப்பிடத் தகுந்த மீனையும் இவை இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

பாம்பனில் தொடங்கி அரிச்சல்முனை வரை சுமார் 30 கிலோமீட்டர் நீளும் தீவு இது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர் பேச்சில் வடகடல், தென்கடல். பொங்கல் சமயம் வாடைக்காற்றுக் காலம். வடகடல் கலங்கி அலையடிக்கும், தென்கடல் குளம் போலக் கிடக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்ததும் இது தலைகீழாகிவிடும். அரிச்சல்முனையில் ஒரு பக்கத்தை ஆண்கடல், மறுபக்கத்தைப் பெண்கடல் என்று காட்டுவார்கள். தென்புறம் சீறும், வடபுறம் அடங்கியிருக்கும் என்ற அந்தக் கணக்கு கச்சான் மாதங்களுக்குத்தான் சரி. ஜனவரியில் அதை நம்பிப் பிள்ளைகளை வடபுறம் இறக்கிவிடாதீர்கள். முனையில் எந்தப் பக்கமும், எந்த மாதமும் குளிக்கக் கூடாது. இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே மோதுகிறது, மணல் படுகை நாலு எட்டில் சரிந்து ஆழமாகிவிடும். கணுக்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே வடகடல் பக்கமுள்ள ஓலைக்குடா, சங்குமால் என்ற இரண்டு கரைகளையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். நீர் வற்றும் நேரத்தில் பாறைத் திட்டும் பவளமும் தெரியும் அருமையான கரைகள்தான், ஆனால் வாடையில் நீர் சேறாக இருக்கும், ஒன்றும் தெரியாது. ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் அங்கே போங்கள். இப்போது உங்களுக்கு உரியது தென்கரை.

அறை பதிவு செய்யுமுன் நாட்காட்டியில் தை அமாவாசை எந்தத் தேதி என்று பாருங்கள். பொங்கல் விடுமுறையை ஒட்டி அது வந்துவிட்டால், அன்றும் முந்தைய நாளும் ஊருக்குள் வண்டி நகராது. அப்படியானால் தங்கச்சிமடம் பக்கம் அறை எடுத்தால் நிம்மதி.

முதல் நாளை அத்தைக்கே கொடுத்துவிடுங்கள். அக்னி தீர்த்தம் முடிந்து கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்கும் ஈரத் துணியோடுதான் நடக்க வேண்டும். பிராகாரத்துக் கல் முழுக்க நீர் ஓடிக்கொண்டிருக்கும், 68 வயதுக்கு அது வழுக்கும் தரை. ஒருவர் எப்போதும் கையைப் பிடித்திருக்க வேண்டும். விடியுமுன் போனால் வரிசையும் குறைவு. மாற்றுத் துணியைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தோடு மூலவர் தரிசனத்துக்கு விடமாட்டார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சைவ உணவகங்களே அதிகம், அன்றைய சாப்பாடு அங்கேயே ஆகட்டும். மீனுக்கு அந்தத் தெருக்களில் அலைய வேண்டாம்.

மாலையில் தங்கச்சிமடம். பேருந்தில் வருபவர்கள் ஜன்னல் வழியே மட்டும் பார்க்கும் ஊர். தமிழ்நாட்டின் பல மல்லிகைத் தோட்டங்களுக்குத் தாய்ச்செடி இங்கிருந்துதான் போகிறது. ராமநாதபுரம் குண்டுமல்லியின் வேர்விட்ட பதியன்களை மணற்பாங்கான பாத்திகளில் நெருக்கமாக வளர்த்துக் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். நாற்றங்காலில் கேட்டால் உங்களுக்கும் தருவார்கள். வேர்க்கட்டை ஈரச் சாக்கில் சுற்றி, வெயில் படாமல் கொண்டுபோய், ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே நட்டுவிடுங்கள். நீர் தேங்கும் களிமண்ணில் நட்டால் வேர் அழுகும், குழியில் பாதி மணல் கலக்க வேண்டும். அங்கிருந்து வில்லூண்டி தீர்த்தம் பக்கம்தான். கடலுக்குள் சின்னப் பாலம் போட்டுப் போய்ச் சேரும் கிணறு அது. சுற்றிலும் உப்புக் கடல், கிணற்றில் குடிக்கக்கூடிய நீர். வடகரைதான் என்றாலும் பாலத்தின்மேல் நிற்பதால் காற்று தவிர வேறு தொல்லை இல்லை. பொழுது சாயும் நேரத்துக்குப் போங்கள்.

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017-ல் திறந்தபிறகு எல்லோரும் வண்டியை நேராக முனைக்கு விட்டு, படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் காலையில் கிளம்புங்கள், ஆனால் மெதுவாகப் போங்கள். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் இந்த மாதங்களில் பூநாரைகள் நிற்கும். இப்பகுதியை 2025-ல் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. கால் முழங்கால் வரை மூழ்கும் ஆழத்தில்தான் அவை இரை தேடும். அந்த ஆண்டு மழை மிகுந்து நீர் உயர்ந்திருந்தால் வேறு திட்டுக்கு நகர்ந்துவிடும், அதனால் ஆட்டோக்காரரிடம் ‘இன்றைக்கு நாரை எங்கே நிற்கிறது?’ என்று கேளுங்கள். சாலையிலேயே நின்று பாருங்கள். சேற்றுக்குள் இறங்கினால் பறவையும் பறந்துவிடும், காலும் புதையும். ஒரு பைனாகுலர் இருந்தால் பிள்ளைகளுக்கு அது போதும்.

இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அழிந்த ஊரின் மிச்சம். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அன்றிரவு அலையில் போனது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், சுவரில் ஏற மட்டும் விடாதீர்கள். பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை, உப்புக்காற்றில் உள்ளே பொடிந்துபோயிருக்கின்றன. மீனவர் குடிசைகளுக்கு அருகே மணலில் தோண்டிய ஊற்றுக்குழிகளைப் பார்க்கலாம். மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. சில அடி தோண்டினால் நல்ல நீர், கூடுதலாகத் தோண்டினால் உப்பு. அந்தக் குழியில் கை கால் கழுவாதீர்கள், அது அவர்களுடைய குடிநீர்.

இப்போது சாப்பாடு. சாலையோரக் கூரைக் கடைகளில் மீன் பொரித்தும் குழம்பு வைத்தும் தருகிறார்கள். முனைக்குப் போகும்போதே கடையில் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பும்போது சாப்பிடுங்கள். நல்ல குழம்புக்கு ஒரு மணி நேரம் வேண்டும். பசியோடு உட்கார்ந்து அவசரப்படுத்தினால் காலையிலேயே பொரித்து வைத்ததைத் திரும்ப எண்ணெயில் போட்டுத் தருவார்கள். தட்டில் சிவக்க மசாலா தடவி அடுக்கியிருக்கும் மீனை எடுக்காதீர்கள், மசாலாவுக்குள் மீனின் வயது தெரியாது. மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள்: செவுள் சிவப்பாக, கண் புடைத்து, விரலால் அழுத்திய பள்ளம் உடனே எழும்ப வேண்டும். கணவாய் வெள்ளையாக இருக்கலாம், இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் பழசு. இறாலின் தலை கறுத்திருந்தால் வேண்டாம். நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு ஏற்ற கனம் இல்லையென்றால் புதிதாய் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். விலை தட்டுக்கா, கிலோவுக்கா, சமையல் கூலி சேர்ந்ததா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சண்டை வருவதெல்லாம் இதைப் பேசாமல் விடுவதால்தான்.

எந்த மீன் கேட்பது? வஞ்சிரம் எந்த ஊரிலும் கிடைக்கும், அதற்காகத் தீவுக்கு வர வேண்டியதில்லை. நகரை, விளைமீன், ஓரா, முரல் கேளுங்கள். நகரையை முழுசாகப் பொரிப்பதுதான் அழகு. முரலுக்கு முள் அதிகம், 8 வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். அத்தைக்குக் காரல் மீன் சொதி ஒத்துக்கொள்ளும். பிள்ளை பெற்றவர்களுக்கு வைத்துக்கொடுக்கும் மென்மையான குழம்பு அது.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகின் இறாலும் கணவாயும் நண்டும் பெரும்பாலும் ஏற்றுமதிக் கம்பெனி வண்டிக்கே ஏறிவிடும். சாப்பாட்டுக்கு நல்லது தூண்டிலிலும் வலையிலும் சில மணி நேரத்தில் பிடித்துவரும் நாட்டுப்படகு மீன். ‘வள்ளத்து மீனா?’ என்று கேட்டாலே கடைக்காரருக்கு உங்களைப் புரிந்துவிடும். பண்டிகையிலும் வேலைநிறுத்தத்திலும் படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் ஐஸ் மீன்தான் ஓடும், அன்று சைவமே மேல். உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் சொல்லிவைக்கிறோம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம்.

வாடையில் சாலைமேல் மணல் ஏறிக் கிடக்கும். இருசக்கர வண்டி வாடகைக்கு எடுத்தால் அந்தத் திட்டுகளில் பிரேக்கைப் பிடிக்காதீர்கள், வண்டி சறுக்கும். ஐந்து பேருக்கு ஆட்டோவோ காரோ நல்லது, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூலி பேசுங்கள். இருட்டுமுன் காவல்துறை எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும்.

மூன்றாம் நாள் காலை பாம்பன், அங்கிருந்து தெற்கே குந்துகால். 1897 ஜனவரி 26-ல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை, நினைவு மண்டபம் உண்டு. இந்த மாதத்தில் கடல் அங்கே அமைதி. குருசடைத் தீவுக்கு வனத்துறையின் படகு இங்கிருந்துதான் போகிறது. காற்று கூடினால் நிறுத்திவிடுவார்கள், எனவே முதல் நாளே விசாரித்து வையுங்கள். தனியார் படகில் ‘நான் கூட்டிப்போகிறேன்’ என்று யார் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அனுமதியின்றி இறங்குவது குற்றம்.

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்கிறவர்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பதென்று அவர்களே வகுத்துக்கொண்ட முறை அது. கரையோரம் மிதக்கும் 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டங்களில் வேறொரு பாசியை வளர்க்கிறார்கள், 45 நாளில் அறுவடை. பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். படம் எடுக்குமுன் அவர்களிடம் கேளுங்கள்.

வாங்கிப் போக: கருவாடு பாம்பனில் நன்றாகக் கிடைக்கும். நெத்திலி வெள்ளி நிறத்தில், ஒடித்தால் முறிய வேண்டும். வயிற்றுப்பக்கம் மஞ்சள் ஓடியிருந்தால் காறல் அடிக்கும். ஒரு பிடியைக் காகிதத்தில் உதறிப் பாருங்கள், மணல் கொட்டினால் தரையில் காயவைத்தது. காகிதத்தில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் போட்டால் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் தொல்லையில்லை. பொங்கல் சமயம் பனங்கிழங்கு வாங்காமல் திரும்பாதீர்கள், அவித்ததும் பச்சையும் கிடைக்கும். பதநீருக்கு இன்னும் சில வாரம் ஆகும். சங்கு வாங்கலாம். பவளத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பவரும் குற்றவாளி.