வேலிக்குப் பின்னால் 24 வீடு, அதற்குப் பின்னால் பறவைக்காடு: கவுன்சிலுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: ஐயா, நாங்கள் இங்கிலாந்தில் சர்ரே கவுண்டியின் வடமேற்கே, கேம்பர்லி பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தோட்டத்து வேலிக்குப் பின்னால் உள்ள குதிரை மேய்ச்சல் நிலத்தில் 24 வீடு கட்ட விண்ணப்பம் வந்திருப்பதாகக் கவுன்சில் கடிதம் அனுப்பியிருக்கிறது. அந்த நிலத்தைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் பாதுகாக்கப்பட்ட ஹீத் என்கிற புதர்வெளி. எங்கள் வீட்டு விலை விழுந்துவிடுமோ என்று பயம். சாலையில் இப்போதே நெரிசல். எங்கள் தெருவுக்கு வந்துபோகும் ஒருவர், 450 பவுண்டு கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் ஆட்சேபக் கடிதம் தயார் செய்து திட்டத்தையே நிறுத்திக் காட்டுகிறேன் என்கிறார். அவரே ஹீத் ஓரமாக ஒரு துண்டு நிலத்தை என் தம்பிக்குக் காட்டியிருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்த 450 பவுண்டைக் கொடுக்காதீர்கள், சகோதரி. கவுன்சிலுக்குக் கருத்து எழுதக் கட்டணமே கிடையாது. கடிதத்தின் மேலே ஒரு விண்ணப்ப எண் இருக்கும். கவுன்சிலின் இணையதளத்தில் அதைத் தட்டினால் எல்லா வரைபடமும் வரும், அங்கேயே கருத்தும் எழுதலாம். அவர் செய்யப்போவது என்னவென்றால், ஒரே கடிதத்தை நாற்பது பெயரில் அச்சடித்து அனுப்புவார். நான் பல வருடம் கவுன்சில் ஒன்றின் திட்ட அனுமதிப் பிரிவில் அப்படிப்பட்ட கட்டுகளைப் பிரித்தவன். முதல் கடிதத்தைப் படிப்போம், மீதியைப் பெயர் மட்டும் குறித்துக்கொள்வோம். அதிகாரி எடைபோடுவது காரணங்களைத்தான். நாற்பது கடிதத்திலும் ஒரே காரணம் இருந்தால் அது ஒரு காரணம். நான்கு வீட்டார் அவரவர் வார்த்தையில், அவரவர் ஜன்னலிலிருந்து தெரிவதை எழுதினால் நான்கு காரணம் கிடைக்கும். அப்புறம், நிறுத்திக் காட்டுகிறேன் என்று சொல்ல உலகத்தில் யாருக்கும் அதிகாரமில்லை. அப்படிச் சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விலையைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். விலை குறையும் என்பதும், ஜன்னலிலிருந்து தெரியும் அழகான காட்சி மறையும் என்பதும் சட்டப்படி கணக்கில் வராத விஷயங்கள். அவற்றை முதல் பத்தியில் வைத்தால் உங்கள் நல்ல வாதத்தின் வலுவும் குறைந்துபோகும். வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்கிற பேச்சும் கூடவே கூடாது. வாடகைக்காரர்கள் வருவார்கள், இன்ன ஆட்கள் வருவார்கள் என்று எழுதும் கடிதத்தைக் கவுன்சில் ஒதுக்கிவிடும். அது நியாயமும்தான். நாமும் ஒரு காலத்தில் இந்தத் தெருக்களுக்குப் புதிதாக வந்தவர்கள்.

உங்கள் கையில் உள்ள பலமான துருப்பு, வேலிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஹீத். மணல் பாங்கான மண், ஊதாப் பூவாகப் பூக்கும் ஹெதர் செடி, மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முட்புதர், அங்கங்கே பைன் மரம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வெறிச்சென்ற அழகு புரியும். உங்கள் பகுதியில் இருப்பது தேம்ஸ் பேசின் ஹீத்ஸ். சர்ரே, ஹாம்ப்ஷயர், பெர்க்‌ஷயர் மூன்றிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. மொத்தம் 8,200 ஹெக்டேருக்கு மேல். 2005 மார்ச்சில் மூன்று பறவைகளுக்காக இதைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். ஒன்று நைட்ஜார், நம் ஊரில் ராத்திரி ரோட்டில் உட்கார்ந்திருக்கும் பக்கியின் சொந்தம். இன்னொன்று வானம்பாடி இனத்தைச் சேர்ந்த உட்லார்க். மூன்றாவது, நீண்ட வாலைத் தூக்கிக்கொண்டு கோர்ஸ் புதருக்குள் திரியும் டார்ட்ஃபோர்டு வார்ப்ளர்.

ஜூன் மாதத்தில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து அந்த ஹீத் ஓரப் பாதையில் நின்று கேளுங்கள். தூரத்தில் யாரோ தையல் மிஷின் ஓட்டுவது மாதிரி நிற்காமல் ஒரு சத்தம் வரும். அதுதான் ஆண் நைட்ஜார். ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வந்து இங்கே குஞ்சு பொரிக்கிறது. கூடு என்று எதுவும் கட்டாது. ஹெதர் செடிகளுக்கு நடுவே வெறும் தரையில் இரண்டு முட்டை, அவ்வளவுதான். தாய்ப்பறவை காய்ந்த இலைபோல அதன்மேல் படுத்திருக்கும். ஒரு நாய் மோப்பம் பிடித்து ஓடிவந்தால் அது எழுந்து பறக்கும். அந்த நேரத்தில் காக்கை வந்து முட்டையைத் தூக்கிவிடும். நாய்க்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நாய்க்காரருக்கும் இல்லை. ஆனால் பக்கத்தில் புதிதாக வீடுகள் வந்தால் நாய், பூனை, கோடையில் எங்கோ விழும் ஒரு நெருப்புப் பொறி எல்லாம் கூடும். 2020இல் தேர்ஸ்லி காமனும் சோபம் காமனும் தீப்பிடித்து எரிந்ததை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

இதனால்தான் தூரத்தை வைத்து விதி செய்திருக்கிறார்கள். பாதுகாப்புப் பகுதியின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 400 மீட்டருக்குள் புதிதாக ஒரு வீடுகூடச் சேரக்கூடாது. 400 மீட்டரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை கட்டலாம், ஆனால் பறவைகளுக்கு வரும் தொந்தரவை ஈடுகட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் எல்லாமே இந்த 400இல்தான் நிற்கிறது.

நீங்கள் பத்து நிமிட நடை என்கிறீர்கள். அதை நம்பி உட்காராதீர்கள். தெரு வளைந்து போனால் பத்து நிமிட நடை, நேர்கோட்டில் 350 மீட்டராக இருக்கலாம், 600ஆகவும் இருக்கலாம். அரசின் மேஜிக் என்ற இலவச வரைபடம் இணையத்தில் உண்டு. அதில் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி என்ற அடுக்கைப் போட்டால் எல்லை தெரியும். அளவுகோல் கருவியை எடுத்து எல்லைக்கும் மனைக்கும் கோடு போடுங்கள். பிறகு விண்ணப்பதாரரின் அறிக்கையில் என்ன தூரம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒருமுறை ஒரு குடும்பத்துக்காக நான் பார்த்த அறிக்கையில் 430 மீட்டர் என்று இருந்தது. கோடு எங்கே தொடங்குகிறது என்று பெரிதாக்கிப் பார்த்தால், மக்கள் வண்டி நிறுத்தி ஹீத்துக்குள் நுழையும் கார் பார்க்கிலிருந்து அளந்திருந்தார்கள். உண்மையான எல்லை அதற்கு இந்தப் பக்கம், ஒரு வாய்க்கால் ஓரமாக வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து அளந்தால் 400க்கும் குறைவு. அந்தக் குடும்பம் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். அதில் பாதி இந்த ஒரு கோடு.

400க்குள் வந்தால் உங்கள் கடிதத்தின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும். பணம் கட்டி ஈடுசெய்கிறோம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

400க்கு வெளியே என்றால் அறிக்கையில் 'சாங்' என்ற சொல் வரும். நாயோடு நடக்கப் போகிறவர்களை ஹீத்துக்குப் போகவிடாமல் வேறு பக்கம் இழுக்க உருவாக்கும் மாற்றுப் பசுமைவெளி அது. ஆயிரம் பேருக்கு 8 ஹெக்டேர் என்பது கணக்கு. வீட்டுக்குச் சராசரி 2.4 பேர் என்று வைத்தால் உங்கள் 24 வீட்டுக்கு அரை ஹெக்டேர்கூட வராது. அதனால் பெரும்பாலும் வேறு எங்கோ ஏற்கெனவே உள்ள சாங்கில் பங்குக்குப் பணம் கட்டுவார்கள். ஹீத்தில் காவலர்கள் வைத்துக் கண்காணிக்கவும் தனியாக ஒரு தொகை உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது: எந்த சாங்? அதில் இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா? அது இந்த மனைக்குச் சேவை செய்யும் தூரத்தில் உள்ளதா? பணமும் பராமரிப்பும் சட்ட ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதா? 'ஏற்பாடு செய்யப்படும்' என்று மட்டும் இருந்தால் அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டுங்கள். 2017ஆம் ஆண்டு உயிரின வாழிட விதிகளின்படி கவுன்சில் தனியாக ஒரு மதிப்பீடு செய்து, நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் கருத்தையும் கேட்டாக வேண்டும். பாதுகாப்புப் பகுதிக்குப் பாதிப்பு இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் அனுமதி கொடுக்கக்கூடாது. சந்தேகத்தின் பலன் பறவைக்கு. இன்னொரு இடத்திலும் ஏமாறாதீர்கள். பல்லுயிர் வளத்தை 10 சதவீதம் கூட்டித் தருகிறோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது வேறு சட்டம், வேறு கணக்கு. மனையில் நான்கு மரம் கூடுதலாக நடுவதால் தரையில் கிடக்கும் அந்த இரண்டு முட்டைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

400 மீட்டர் விதியில் ஒரு சந்து இருக்கிறது, அதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். முதியோர் பராமரிப்பு இல்லம். படுக்கையிலேயே இருப்பவர்கள், மறதிநோய் முற்றியவர்கள் தங்கும் இல்லம் என்றால், அவர்கள் நாயோடு ஹீத்துக்கு நடக்கப் போவதில்லை, பூனை வளர்க்கப் போவதில்லை. ஆகவே அத்தகைய இல்லத்தை 400க்குள்ளும் தனித்தனியாகப் பரிசீலித்துச் சில சமயம் அனுமதிப்பார்கள். சரி, அதில் நியாயம் உண்டு. ஆனால் 24 வீடு நிராகரிக்கப்பட்ட அதே மனைக்கு ஒரு வருடம் கழித்து 'பராமரிப்பு வசதியுடன் கூடிய ஓய்வுக்கால வாழிடம்' என்று புது விண்ணப்பம் வந்தால் விழித்துக்கொள்ளுங்கள். தரைத்தள வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு அலகுக்கும் தனி வாசல், தனி சமையலறை, இரண்டு படுக்கையறை, ஆளுக்கொரு கார் நிறுத்துமிடம் என்றிருந்தால், 55 வயதில் நன்றாக நடமாடும் ஒருவர் ஸ்பானியல் நாயோடு குடிவரப் போகிறார் என்று அர்த்தம். அது வீடுதான், பெயர் மட்டும் வேறு. உண்மையான பராமரிப்பு இல்லம் என்றால் செல்லப்பிராணி கூடாது, ஊழியர் அங்கே குடியிருக்கக் கூடாது, அதன் கார் பார்க்கை ஹீத்துக்குப் போகும் வழியாகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைகளைக் கேளுங்கள். இவை எழுத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்வது எதற்கும் உதவாது.

உங்கள் மற்றக் கவலைகளில் அந்தரங்கம் எடுபடும். எந்த ஜன்னல் உங்கள் எந்த அறையைப் பார்க்கிறது, எத்தனை மீட்டரில் என்று எழுதுங்கள். பின்பக்க ஜன்னலுக்கும் பின்பக்க ஜன்னலுக்கும் இடையே 20 முதல் 22 மீட்டர் வேண்டும் என்று பல கவுன்சில்கள் வழிகாட்டி வைத்திருக்கின்றன. நெரிசல் என்று பொதுவாக எழுதினால் பலனில்லை. பாதிப்பு கடுமையாக இருந்தாலோ, பாதுகாப்புக்கு ஆபத்து வந்தாலோதான் அதை வைத்து நிராகரிக்க முடியும். எந்த வளைவில் எதிரே வரும் வண்டி தெரியாது என்று படத்தோடு காட்டுங்கள்.

அவகாசம் 21 நாள். வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, இரவு பத்து மணிக்குத் தொண்ணூறு கோப்புகளைத் திறந்து, எதில் என்ன இருக்கிறது என்று பெயரிலிருந்து கண்டுபிடிக்க முடியாமல் ஒரு குடும்பம் தவிக்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பதாரர் இதைத் தயாரிக்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டிருப்பார். நிராகரித்தால் அவர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதித்தால் உங்களுக்கு மேல்முறையீடே கிடையாது. ஆறு வாரத்துக்குள் உயர்நீதிமன்றம் போகலாம், அதுவும் கவுன்சில் சட்டப்படி நடந்ததா என்று மட்டும் கேட்க. இந்தத் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் இந்த 21 நாளை விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். உங்கள் வார்டு கவுன்சிலருக்கு இந்த வாரமே எழுதி, இதை அதிகாரி மட்டத்தில் முடிக்காமல் கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் திட்டக் குழுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். குழுவில் பெரும்பாலும் மூன்று நிமிடம் பேசத் தருவார்கள், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கடிதம் எல்லோர் பார்வைக்கும் போகும் என்பதால் தொலைபேசி எண்ணை உள்ளே எழுதாதீர்கள்.

கடைசியாக உங்கள் தம்பி விஷயம். இதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஒரு வயலை வாங்கி, கயிறு கட்டி ஐம்பது துண்டாக்கி, 'இன்னும் மூன்று வருடத்தில் அனுமதி வந்துவிடும், பத்து மடங்காகும்' என்று விற்பது இங்கே பழைய வியாபாரம். நிதி ஒழுங்குமுறை ஆணையமே எச்சரித்திருக்கிறது. நம்மவர்களிடம் இது சுலபமாகப் போகிறது. நிலம் என்றால் நமக்கு ஒரு பிடிப்பு, சொல்பவரும் நம் மொழியில் பேசுகிறார், கோயிலில் பார்த்த முகமாகவும் இருப்பார். 2024 டிசம்பரில் வந்த திட்டக் கொள்கைக்குப் பிறகு 'கிரே பெல்ட்' என்ற புதுச் சொல்லையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊரைச் சுற்றிய பசுமை வளையத்தில் முக்கியம் குறைந்தது என்று கருதி, கட்ட அனுமதி பெறுவதை எளிதாக்கிய நிலம் அது. பாதுகாக்கப்பட்ட வாழிடம் குறுக்கே நிற்கும் இடத்தில் அந்தச் சலுகை கைகொடுக்காது. ஹீத் ஓரம் என்று அவரே சொல்கிறார் அல்லவா? அப்படியென்றால் பெரும்பாலும் 400 மீட்டருக்குள் இருக்கும். நீங்கள் உங்கள் கடிதத்தில் எந்த விதியைக் காட்டி 24 வீட்டை எதிர்க்கப் போகிறீர்களோ, அதே விதி உங்கள் தம்பியின் வீட்டையும் தடுக்கும். அங்கே ஒரு கொட்டகை போடவே அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம்.

தம்பி இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் மனையின் பதிவு எண்ணை அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். நிலப் பதிவேட்டில் சில பவுண்டுக்கு நகல் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு, விற்பவர் காட்டும் வழக்கறிஞரிடம் போகாமல், தானே தேடிப்பிடித்த ஒரு வழக்கறிஞரிடம் போகட்டும். முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால் ரசீதையும், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், அதோடு எனக்கு உடனே எழுதுங்கள்.