எந்த ஐ7?

கேள்வி: மானிட்டர் வீட்டில் இருக்கிறது. மற்ற எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் விளையாட்டுக்கான கணினி ஒன்றை அசெம்பிள் செய்ய வேண்டும். இன்டெல் ஐ5-12400எஃப் வாங்கு என்கிறான் ஒரு நண்பன். ரைசன் 5 5600 தவிர வேறெதையும் தொடாதே என்கிறான் இன்னொருவன். இதனால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் அவர்களைச் சமாதானம் செய்து வையுங்கள். இரண்டும் 2022-இல் வந்த பிராசசர்கள்; முன்னது இன்டெல், பின்னது ஏஎம்டி. இரண்டிலும் ஆறு கோர் (உள்ளே வேலை செய்யும் மூளைகள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஏற்கும் வேலைகள்). உங்கள் பட்ஜெட்டுக்கு அடங்கும் கிராபிக்ஸ் கார்டைப் போட்டு 1080பி திரையில் விளையாடினால், உள்ளே எது ஓடுகிறது என்று அந்த நண்பர்களாலேயே சொல்ல முடியாது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசசர். அதைப் படமாக வரைவது கார்டு. மலிவான கார்டுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கும். ஆகவே பிராசசர், மதர்போர்டு இரண்டையும் சேர்த்து விலை கேளுங்கள். எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் போங்கள். மிச்சம் பிடித்த பணம் முழுவதும் கார்டுக்கு. வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 மட்டும்தான் விளையாடுவீர்கள் என்றால் நான்கு கோர் உள்ள ஐ3-12100எஃப் கூடப் போதும்.

இரண்டு வழியும் முட்டுச்சந்தில்தான் முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 12400எஃப் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) இன்டெல்லின் 14-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டின் இடத்துக்கு ஏஎம்5 2022-இலேயே வந்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5 போர்டும் ரைசன் 5 7500எஃப்பும் பாருங்கள். ஆனால் அதில் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தில், வீட்டில் பழைய டிடிஆர்4 ராம் இருப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு ஏஎம்4-இலேயே இறங்குவதை நான் குறை சொல்லமாட்டேன்.

கேள்வி: 12400எஃப் வாங்கிப் பொருத்தினேன். மின்விசிறி சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை. கிராபிக்ஸ் கார்டை அடுத்த போனஸில் வாங்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். பழுதான பிராசசரை என் தலையில் கட்டிய கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?
– ஆவடி வாசகர்

பதில்: போடலாம். தோற்பீர்கள். எஃப் என்று முடிந்தால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை. விலை குறைந்ததே அதனால்தான். தனிக் கார்டு தேவை என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். போனஸ் வரும்வரை யாரிடமாவது ஒரு பழைய கார்டை இரவல் கேளுங்கள். கடைக்காரர் பாவம், அவரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: "பிராண்ட் நியூ ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ராம், ரூ.24,000" என்று பேஸ்புக்கில் விளம்பரம் வந்தது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகனுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கடையில் போய் வாங்கினேன். வேலரன்ட் திறக்கவே மறுக்கிறது. தெரிந்த பையன் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது ஐ7-2600 என்கிறான். கடையில் கேட்டால், "ஐ7 கேட்டீர்கள், ஐ7 கொடுத்தோம். விற்ற பொருளைத் திரும்ப வாங்கமாட்டோம்" என்கிறார்கள். பில்லில் "ஐ7 சிஸ்டம் – 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது.
– நெசவாளர், ஈரோடு மாவட்டம்

பதில்: நீங்கள் ஏமாறவில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த "ஐ7" வியாபாரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர். 2008-இல் தொடங்கி 14-ஆம் தலைமுறை வரை அந்தப் பெயரில் விற்றிருக்கிறார்கள். என்ன பிராசசர் என்பதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண். கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிட்டு முன்னால் இருப்பதைப் பாருங்கள்: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. உங்கள் ஐ7-2600 வந்தது 2011 ஜனவரியில். ஐ3-12100 வந்தது 2022 ஜனவரியில். இரண்டிலும் நான்கு கோர், எட்டு திரெட். ஆனால் பதினோரு ஆண்டு இடைவெளியில் ஒரு கோர் செய்யும் வேலை அவ்வளவு கூடியிருக்கிறது. அந்த ஐ3, இந்த ஐ7-ஐ எந்த விளையாட்டிலும் எளிதாக முந்தும். "ஐ3 வேண்டாம், ஐ7 தருகிறோம்" என்று இவர்கள் கூவுவது, வாங்குபவர் அந்த எண்ணைக் கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான்.

அலுவலகங்கள் கழித்துப் போட்ட கணினிகளிலிருந்து பிராசசரைக் கழற்றுகிறார்கள். ஊர் பேர் தெரியாத எச்61 போர்டு ஒன்றில் அதைப் பொருத்தி, கண்ணாடிக் கேபினட்டில் வைத்து, நான்கு வண்ண விளக்குகளை எரியவிடுகிறார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்த விதி. அதைக் குறுக்கு வழியில் தாண்டி ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். வேலரன்டின் காவல் மென்பொருளான வேன்கார்டு, விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-ஐயும் செக்யூர் பூட்டையும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) கேட்கும். இல்லையென்றால் உள்ளே விடாது. உங்கள் மகன் மாட்டிக்கொண்டது அங்கேதான். விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம் என்றால், அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பெயர் விளையாட்டுக்கு விலக்கல்ல. ரைசன் 5 7520யு என்று மடிக்கணினிகளில் வந்ததே, அதன் 7-ஐப் பார்த்துப் புதியது என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர். உள்ளே இருந்ததோ 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதியது என்று சொல்லி விற்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. "திரும்ப வாங்கமாட்டோம்" என்று கடையில் பலகை மாட்டிவிட்டால் சட்டம் ஓடிப்போகாது. அந்த விளம்பரத்தை இன்றைக்கே, அவர்கள் அழிப்பதற்குள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் கட்டிய சான்று, பில், டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் முழுப்பெயர் தெரியும் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். என்ன ஆயிற்று என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– மதுரை வாசகர்

பதில்: வாங்குங்கள். பழுதானால் எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: இப்போதைக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வழியில்லை. ரைசன் 5 5600ஜி வாங்கி, அடுத்த ஆண்டு கார்டு சேர்க்கலாம் என்றிருக்கிறேன். 8 ஜிபி ராம் ஒன்று போதுமா?
– செவிலியர், தஞ்சாவூர்

பதில்: யோசனை நல்லது, ராம் மட்டும் இரண்டாக இருக்கட்டும். 5600ஜி-யின் உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, உங்கள் ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரே ராம் போட்டால் அது போய்வரும் பாதை பாதியாகிவிடும். விளையாட்டு திக்கித் திணறுவது கண்ணுக்கே தெரியும். 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு மேல். பின்னால் கார்டு சேர்க்கும்போது 5600-க்கு இணையாக ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), 5600ஜி-யில் 16 தான். கார்டு இணையும் பாதையான பிசிஐஇ-யும் ஒரு தலைமுறை பழையது. அடுத்த ஆண்டு கார்டு நிச்சயம் என்றால் 5600-ஐ எடுத்து, அதுவரை கைமாற்றுக் கார்டு ஒன்றில் ஓட்டுவது லாபம்.

கேள்வி: பாட்டில்நெக் (ஒன்றின் வேகக்குறைவு மற்றதை இழுத்துப் பிடிப்பது) எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுச் சொல்லும் தளத்தில் என் பிராசசருக்கும் கார்டுக்கும் 11 சதவீதம் காட்டுகிறது. எதை மாற்றுவது?
– கோவை வாசகர்

பதில்: அந்தத் தளத்தைப் பார்ப்பதை.

கேள்வி: பழைய ரைசன் 5600 ஒன்று தனி நபரிடம் விலைக்கு வருகிறது. ரிச்சி தெருக் கடையில் பெட்டி இல்லாத 'ட்ரே' பிராசசரும் மலிவாகச் சொல்கிறார்கள். எது பரவாயில்லை?
– சென்னை வாசகர்

பதில்: பிராசசர் எளிதில் சாகாத பொருள், பழையதை வாங்க அஞ்ச வேண்டாம். ஏஎம்4-இல் ஊசிகள் பிராசசரின் அடியிலேயே இருக்கும். திருப்பிப் பார்த்து, ஒன்றுகூட வளையவில்லை என்று உறுதிசெய்து, விற்பவர் வீட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தன் பழைய பொருளை விற்கும் தனி ஆள் வணிகர் அல்ல என்பதால் பின்னால் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது. உங்கள் போர்டு பி450 போன்ற பழையதாக இருந்தால் முதலில் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பியுங்கள். ட்ரே பிராசசருடன் கூலர் வராது. பெட்டியுடன் வருவதற்கு நிறுவனம் தரும் மூன்றாண்டு வாரண்டியும் இருக்காது. கடைக்காரர் சொல்லும் வாரண்டிதான். அதைப் பில்லில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். முகம் மாறினால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் மைன்கிராஃப்ட் விளையாடுவாள். எதிர்காலத்துக்கும் உதவும் என்று 14-ஆம் தலைமுறை ஐ9-உம் திரவக் கூலரும் வாங்கிவிடலாமா?
– துபாய் வாசகர்

பதில்: வேண்டாம். 13, 14-ஆம் தலைமுறைகளின் மேல்தட்டுப் பிராசசர்கள் அதிக வோல்டேஜால் நிலைகுலைந்ததும், இன்டெல் 2024-இல் திருத்தம் வெளியிட்டுப் பெட்டியுடன் விற்றவற்றுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியதும் ஒருபுறம் இருக்கட்டும். மைன்கிராஃப்டுக்கு ஐ9 எதற்கு? ஐ3 போதும். திரவக் கூலர்தான் வேண்டுமென்றால் என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது. 65 வாட் பிராசசருக்கு வாங்கியது. பம்ப் கரகரவென்று சத்தம் போடும். ஆள் அனுப்பினால் இலவசமாகவே தருகிறேன்.