கிழிந்த காது, கொட்டிய முடி, ஒட்டிய கழுத்து: அழகு அறுவை கேள்வி பதில்

குடியாத்தம்: அம்மாவுக்கு 58 வயசு. கம்மல் கனத்தில் காது ஓட்டை கீழ்வரை கிழிந்துவிட்டது. தைத்தால் தழும்பு தெரியுமா டாக்டர்?

பதில்: மெல்லிய கோடு ஒன்று இருக்கும். காதை மட்டும் மரத்துப்போக வைத்து முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை இது. கிழிசலின் இரண்டு ஓரத்திலும் தோல் மூடியிருக்கும். அப்படியே தைத்தால் ஒட்டாது. அதைச் சீவிப் பச்சைப் புண்ணாக்கி, முன்னும் பின்னும் தனித்தனியாகத் தைப்போம். அடி விளிம்பில் நேர்கோடாகத் தைத்தால், வடு சுருங்கும்போது அங்கே பள்ளம் விழும்; அதனால் அங்கே நேர்கோட்டைத் தவிர்ப்போம். ஒரு வாரத்தில் தையல் பிரிக்கலாம். 3 மாதம் கழித்து மறுபடி காது குத்துங்கள், தையல் கோட்டின் மேல் வேண்டாம். ஜிமிக்கி போட்டால் மாட்டலும் போடச் சொல்லுங்கள். சர்க்கரையை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆம்பூர்: பார்லரில் தையலே இல்லாமல் மருந்து வைத்து ஒட்டுகிறார்களே?

பதில்: அது பசை இல்லை, அமிலம். பெரும்பாலும் டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம். உள்தோலைச் சுட்டால், ஆறும்போது ஒட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. முழுக்கக் கிழிந்த காதுக்கு உதவாது.

ஆம்பூர்: எங்க அண்ணிக்கு 2 வருஷமா நல்லாத்தான் இருக்கு. சும்மா பயமுறுத்துறீங்க.

பதில்: அண்ணிக்கு இருந்தது சின்னத் துளையாக இருக்கும். தோல் மருத்துவர்களும் அதற்கு இதே அமிலத்தை வைப்பதுண்டு. சுற்றிலும் வாஸ்லின் தடவி, பஞ்சு நுனியால் தொட்டு, தோல் வெளுத்ததும் நிறுத்திவிடுவார்கள். எங்கே நிறுத்துவது என்று தெரியாத கையில் சதை கருகி உதிரும். பிறகு என்னிடம் வந்தால் தைக்கச் சதை இருக்காது. புட்டியில் எத்தனை சதவீதம் என்று அண்ணியிடம் யாராவது சொன்னார்களா?

பேரணாம்பட்டு: எனக்கு அப்படி ஒட்டின இடத்தில் கோலிக்குண்டு மாதிரி சதை வளர்ந்திருக்கு டாக்டர்.

பதில்: கீலாய்டாக இருக்கலாம், அதாவது காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் வடு. வெட்டி மட்டும் எடுத்தால் பல பேருக்குத் திரும்ப வரும், பெரிசாகவும் வரும். டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை வடுவுக்குள்ளேயே போட வேண்டும். நேரில் காட்டுங்கள்.

ஆம்பூர்: சரி டாக்டர், அண்ணிகிட்ட கேக்கறேன்.

காட்பாடி: வயசு 22. முடி நடலாமா? தழும்பு தெரியுமா?

பதில்: பொறுங்கள். நடுவதற்கான முடியைப் பின்மண்டையிலிருந்துதான் எடுப்போம், அது எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும். இப்போது நெற்றியில் நட்டால், அதன் பின்னால் சொந்த முடி கொட்டி, நட்டது தீவாக நிற்கும். சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள்.

ஆற்காடு: கொழுப்பு உறிஞ்சினால் 20 கிலோ குறையுமா? தழும்பு?

பதில்: குறையாது. அது உருவம் திருத்த, எடை குறைக்க அல்ல. ஒரே தடவையில் 5 லிட்டரைத் தாண்டினால் ஆபத்து ஏறும். தழும்பு மூன்றாவது முறை வருகிறது: கத்தி பட்ட இடத்தில் வடு உண்டு. கத்திரி வெயில் பட்டால் கறுக்கும், மூடி வையுங்கள்.

ராணிப்பேட்டை: தீக்காயத்தில் தங்கைக்குத் தாடை கழுத்தோடு ஒட்டிவிட்டது. அழகுக்காகச் செய்வது என்று காப்பீட்டில் மறுக்கிறார்கள்.

பதில்: விடாதீர்கள். தீக்காயம், விபத்து, புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, அழகு அறுவைக்குக் காப்பீடு இல்லை என்ற விலக்கில் சேராது. கழுத்து எவ்வளவு நிமிர்கிறது, வாய் மூடுகிறதா என்று அளந்து மருத்துவரிடம் எழுதி வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். முகத்தைச் சரிசெய்வது ஆடம்பரம் என்பதை நான் ஏற்கமாட்டேன். நம் வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். கை சரியாகியும் முகத்தைப் பார்த்து ஊர் ஒதுக்கியது. அதனால் அவர் மூக்கையும் புருவத்தையும் சீராக்கினார். தங்கைக்கு ஒட்டுத்தோல் வைத்தபின் கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் கழற்றக்கூடாது. கழற்றினால் மறுபடி சுருங்கும்.

திருவலம்: வெள்ளையாக ஊசி?

பதில்: போடாதீர்கள்.