"எடுத்துடலாம்" என்று சொன்னது அவிசுவாசமா?

கேள்வி: என் கணவர் 43 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், நாங்கள் போகும் ஜெபக்குழுவின் மூத்தவர், "ஆதிச் சபையில் மரித்தோர் எழுந்தார்கள், இப்போதும் எழுவார்கள்" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தார். நான் அழுததால் என்னை உள்ளே விடவில்லை. மறுநாள் மத்தியானம் நான்தான் "போதும், எடுத்துடலாம்" என்றேன். "வீட்டுக்குள்ளேயே அவிசுவாசம் இருந்தால் எப்படி எழும்புவார்?" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இப்போது என் ஒன்பது வயது மகன், "நீ வேண்டாம்னு சொன்னதாலதான் அப்பா வரலையா?" என்று கேட்கிறான். அந்தக் காலத்தில் ஜெபத்தால் உண்மையிலேயே இறந்தவர்கள் எழுந்தார்களா? நான் தடுத்துவிட்டேனா? வருஷ நினைவுநாளுக்கும் அவர்களே உபவாச ஜெபம் நடத்த வருவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் எதையும் தடுக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களை அப்புறம் பார்ப்போம்.

அவர் எந்த வசனங்களை வைத்துப் பேசியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. மத்தேயு 10-இல் சீடர்களை அனுப்பும்போது "மரித்தோரை எழுப்புங்கள்" என்று கட்டளை இருக்கிறது. அப்போஸ்தலர் 9-இல், யோப்பா ஊரில் இறந்துகிடந்த தொற்காளிடம் பேதுரு வருகிறார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, முழங்கால்படியிட்டு ஜெபித்து, அவளுடைய இன்னொரு பெயரைச் சொல்லி, "தபீத்தாளே, எழுந்திரு" என்கிறார். உங்களை வெளியே நிறுத்தியது இதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதே பகுதியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது. பேதுரு வந்தபோது விதவைகள் அழுதுகொண்டுதான் நின்றார்கள். தொற்காள் தைத்துக் கொடுத்த உடுப்புகளை அவருக்குக் காட்டிக் காட்டி அழுதார்கள். அழுததற்காக அவர்களைப் பேதுரு ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. மகளை இழந்த யவீருவின் வீட்டிலோ, தம்மைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தை இயேசு வெளியேற்றிவிட்டு, பெண்ணின் தகப்பனையும் தாயையும் தம்மோடு உள்ளே அழைத்துப் போனார். இழந்தவர்களுக்கு அந்த அறையில் இடம் இருந்தது.

இப்போது உங்கள் "எடுத்துடலாம்". நாயீன் ஊரில் விதவையின் ஒரே மகனைப் பாடையில் தூக்கி ஊர் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தத் தாய் ஜெபித்ததாகவோ விசுவாசத்தை அறிக்கையிட்டதாகவோ லூக்கா சொல்லவில்லை, அவள் அழுதுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். பெத்தானியாவில் லாசருவை அடக்கம் செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. கல்லை எடுக்கச் சொன்னபோது உடன்பிறந்த மார்த்தாளே "இப்பொழுது நாறுமே" என்று தயங்கினாள். அவளுடைய தயக்கம் எதையும் நிறுத்திவிடவில்லை. சற்று முன்புதான் இயேசுவும் அழுதிருந்தார். அடக்கம் செய்வதோ அழுவதோ தயங்குவதோ கடவுளின் கையைக் கட்டிப்போடும் என்ற எண்ணம் இந்தக் கதைகள் எதிலும் இல்லை. அதை உங்கள் தலையில் ஏற்றியவர் வேதத்திலிருந்து எடுத்து ஏற்றவில்லை.

சரி, அப்போஸ்தலர் காலத்துக்குப் பிறகு? இது நியாயமான கேள்வி. நேர்மையாகப் பதில் சொன்னால், அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் இரேனியஸ், இன்றைய பிரான்சில் இருக்கும் லியோன் நகரத்தின் பேராயர். கி.பி. 180 வாக்கில், போலிப் போதனைகளை மறுத்து எழுதிய ஐந்து பாகங்கள் கொண்ட பெரிய நூலில் இதைக் குறிப்பிடுகிறார். அவசர நிலைமை வரும்போது, ஓர் ஊரின் சபை முழுவதும் சேர்ந்து உபவாசித்து மன்றாடியதால் இறந்தவரின் ஆவி திரும்பி வந்ததுண்டு என்கிறார். எழுந்தவர்கள் பல வருஷம் தங்கள் நடுவே வாழ்ந்தார்கள் என்றும் எழுதுகிறார். சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் இந்த வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்.

இரேனியஸின் வார்த்தைகளில் எழுந்தவரின் பெயர் இல்லை, ஜெபித்த பெரியவரின் பெயரும் இல்லை. ஜெபிப்பது சபை முழுவதும். விசுவாசத்தின் பாரம் ஊர் மொத்தத்தின் தோளில் இருக்கிறது, வீட்டில் அழுதுகொண்டிருக்கும் மனைவியின் தோளில் இல்லை. கூடவே அவர் வலியுறுத்தும் இன்னொன்று, சபை இதற்கெல்லாம் காசு வாங்குவதில்லை, இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கிறது என்பது.

இதே இரேனியஸின் ஊரில், அவர் இதை எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்கு மிகவும் வேண்டியது. 177-ஆம் ஆண்டு லியோனில் கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். 90 வயது தாண்டிய பேராயர் பொத்தினஸ் அடிபட்டுச் சிறையில் இறந்தார். பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணை அரங்கில் கொன்றார்கள். உடல்களை ஆறு நாள் வெளியே போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். இவர்கள் இனி எழுந்திருப்பதாக நம்பவே கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். தப்பியவர்கள் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் அவர்கள் சொல்லும் பெரிய துக்கம் என்ன தெரியுமா? தங்கள் ஆட்களின் உடலை அடக்கம் செய்ய முடியவில்லையே என்பதுதான். இரவில் எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பணம் கொடுத்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், எதுவும் பலிக்கவில்லை. மரித்தோர் எழுந்ததாக எழுதிய அதே சபைதான் தன் மக்களை மண்ணில் வைக்க முடியாமல் தவித்தது. யாருடைய விசுவாசம் குறைந்ததால் இவர்கள் எழும்பவில்லை என்று அந்தக் கடிதம் எங்கேயும் கேட்கவில்லை. அடக்கம் செய்ய ஆசைப்பட்டது அவர்களுக்கு அவிசுவாசமாகத் தோன்றவில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

இதற்கும் முன்னால், எருசலேமிலேயே இப்படித்தான். கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானை அடக்கம் செய்து மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8 சொல்கிறது. 44-ஆம் ஆண்டை ஒட்டி ஏரோது ராஜா, யோவானின் சகோதரனான யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். பேதுருவுக்காகச் சபை ஊக்கமாய் ஜெபித்தது, அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். இரண்டும் ஒரே அதிகாரத்தில், அப்போஸ்தலர் 12-இல்தான் இருக்கின்றன. யாக்கோபு எழும்பவில்லை. யோவானும் பேதுருவும் உயிரோடிருந்த சபை அது. அங்கே ஜெபம் குறைவாகவா இருந்திருக்கும்?

உண்மையிலேயே எழுந்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்தவர்கள் அப்படி நம்பினார்கள், எழுதினார்கள் என்பது உறுதி. அதற்கு மேல் வரலாற்று ஆவணத்தால் யாரும் நிரூபித்துக் காட்ட முடியாது. அந்தக் காலத்திலேயே ஒருவர் சவால் விட்டிருக்கிறார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அந்தியோக்கியா பேராயர் தியோபிலஸிடம் அவுத்தோலிக்கஸ் என்பவர், "எழுந்த ஒருவரையாவது காட்டுங்கள், பார்த்துவிட்டு நம்புகிறேன்" என்று கேட்கிறார். தியோபிலஸ் யாரையும் கூட்டிவந்து நிறுத்தவில்லை. விதை செத்து முளைப்பதையும் நிலவு தேய்ந்து வளர்வதையும் சொல்லி, கடைசி நாள் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு இது பலவீனமான பதிலாகப் படவில்லை. அவர்கள் நம்பிக்கை நின்ற இடம் அதுதான். தெசலோனிக்கேயில் சிலர் இறந்துபோய்ச் சபை கலங்கியபோதும், பவுல் சுமார் 50-ஆம் ஆண்டில் அந்த நம்பிக்கையைச் சொல்லித்தான் தேற்றினார். இன்னும் கொஞ்சம் ஜெபித்திருக்கலாமே என்று கேட்கவில்லை.

ஜெபக்கூட்டங்களில் வேறு சில கதைகளும் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். அவற்றில் பல, வேதத்தில் சேராத பழைய அப்போஸ்தலர் கதைகளிலிருந்து வந்தவை. பேதுரு கருவாட்டை உயிரோடு நீந்தவிட்ட கதைகூட அவற்றில் உண்டு. அவற்றை வைத்து உங்களை அளக்க வேண்டாம்.

நினைவுநாள் விஷயம். அவர்களை வரவேண்டாம் என்று சொல்லுங்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் அண்ணனோ மைத்துனரோ போனில் சொல்லட்டும். காரணம் விளக்கிக்கொண்டிருக்க அவசியமில்லை. காணிக்கை என்ற பேச்சு வந்தால், இரேனியஸ் காலத்துச் சபை காசு வாங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். உங்களோடு உட்கார்ந்து அழக்கூடிய ஒரு போதகரைக் கூப்பிட்டு, உங்கள் கணவரைத் தெரிந்தவர்களோடு வீட்டிலேயே ஜெபித்துக்கொள்ளுங்கள்.

மகனோடு பேசுவதை நினைவுநாள் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே பேசுங்கள். "அப்பாவின் இதயம் நின்றுபோனது, டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா சொன்னது மறுநாள்" என்று நடந்த வரிசையிலேயே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வரிசை புரியும். திரும்பத் திரும்பக் கேட்பான், ஒவ்வொரு முறையும் அதையே சொல்லுங்கள். தூக்கமோ படிப்போ கெடுகிறது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அந்த மூத்தவர் சொன்னது தவறு என்று அவனிடம் வெளிப்படையாகவே சொல்லலாம், தயங்க வேண்டாம்.