அலையாத்திக் காட்டை மீட்பது: கேள்வி பதில்

கடலோரச் சேற்றில், உப்புத் தண்ணீரில் வளரும் அலையாத்தி (மாங்குரோவ்) காடுகளை மீட்கும் வேலையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். வந்த கேள்விகளில் பல, காட்டோரத்தில் வாழ்கிற மனிதர்களைப் பற்றி இருந்தது எனக்கு மகிழ்ச்சி. நேராகப் பதிலுக்குப் போகிறேன்.

கல்லூரி மாணவி ஒருவர்: இந்தக் காடு புயலைத் தடுக்கும், சுனாமியைத் தடுக்கும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அங்கேயே வாழ்கிறவர்களும் அதற்காகத்தான் காட்டை மதிக்கிறார்களா சார்?

புயலும் உண்டு. ஆனால் கடலோர ஊரில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், முதலில் மீன்தான் வரும். இறால் குஞ்சும் நண்டும் கொடுவாய் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்வது சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் முட்டு வேர்களுக்கு நடுவில். கடல் தண்ணீர் இறங்கும் வற்றத்தின்போது ஓடைத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, வேர்ச் சந்துகளில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படகு கிடையாது, வலை கிடையாது. பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பல்லில் கடித்துப் பிடித்த ஓலைப் பெட்டி மட்டும். அந்த ஓடை தூர்ந்தால் அன்றே அந்த வீட்டில் வருமானம் இல்லை. அதே ஊரில் கடலுக்குப் போகிறவரைக் கேட்டால், காற்றடித்தால் படகு கட்ட ஒதுங்குமிடம் என்பார். விறகு பொறுக்குகிறவருக்கு வேறு கணக்கு. ஊர்க் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவரை மட்டும் கேட்டுவிட்டு வந்தால், காட்டின் பாதி மதிப்பு நம் குறிப்பேட்டில் ஏறாது.

புயல் விஷயத்துக்கு வருவோம். 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில், கேந்திரபாரா மாவட்டத்தில் அகலமான அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சாவு குறைவு. சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. சுனாமியில் காடு எவ்வளவு தடுத்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தனியார் நிறுவன ஊழியர்: எங்கள் அலுவலகத்தில் 200 பேர் சேர்ந்து ஒரே நாளில் 5,000 நாற்று நடலாம் என்று இருக்கிறோம். எந்த இடம் நல்லது?

கொஞ்சம் பொறுங்கள். ஆர்வத்தைக் குறைக்க நினைக்கவில்லை. அந்த 5,000 நாற்றும் பிழைக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். ஓரிடத்தில் அலையாத்தி இல்லையென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தெரியாமல் நட்டால் செடி நிற்காது.

நானே இதில் அடிபட்டவன். ஆரம்ப காலத்தில் ஒரு முகத்துவாரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத சேற்றுத் திட்டு ஒன்று சும்மா கிடக்கிறது என்று நினைத்து, வரிசை வரிசையாக சுரபுன்னை நட்டோம். மூன்று மாதம் கழித்துப் போனால், தண்டு முழுக்கக் கொட்டலசு என்ற ஓட்டுப் பூச்சி அப்பிக் கனத்துப் பாதிச் செடி சாய்ந்து கிடக்கிறது. மீதியை அலை கொண்டு போய்விட்டது. சிப்பி பொறுக்க வந்த ஒரு பாட்டி, "அங்க பாதி நாள் தண்ணி நிக்குமே, செடி எப்படிப்பா நிக்கும்? நட வந்த அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. அது சும்மா கிடந்த திட்டும் இல்லை, அவர்கள் சிப்பி பொறுக்குகிற இடம்.

பிலிப்பைன்ஸில் இதே தவறு நாடு முழுக்க நடந்தது. நடுவதற்கு எளிது என்பதால் கடற்புல் படுகைகளிலும் தாழ்ந்த சேற்றிலும் சுரபுன்னை வகைகளையே நட்டார்கள். பிழைத்தது 10 முதல் 20 விழுக்காடுதான் என்று 2008இல் வந்த ஆய்வு சொன்னது. நட வேண்டிய மேட்டு நிலமெல்லாம் மீன் குளங்களாகி வேறு கைகளில் இருந்தது.

முதலில் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். பிச்சாவரத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். பிரிட்டிஷ் காலம் தொட்டுக் கூறு கூறாக மரத்தை மொட்டையடித்ததில், வெயில் பட்டு மண் காய்ந்து அமுங்கி, நிலம் தட்டு மாதிரி குழிந்துவிட்டது. கடல் பொங்கும் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் திரும்பி வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. அந்த மண்ணில் எதை நட்டாலும் கருகும். 1990களில் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளே வரவும் வெளியே போகவும் விட்டார்கள். உப்பு குறைந்தது, நட்டதும் பிழைத்தது. ஊர் மக்களையும் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். வாய்க்கால் தூர்ந்தால் மறுபடி தூர்வார வேண்டும் அல்லவா? பக்கத்திலேயே இருக்கிறவர்கள்தான் அதைக் கவனிக்க முடியும்.

உங்கள் 200 பேர் வாய்க்கால் தூர்வார வருவார்களா? வந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வீட்டுத் தோட்டக்காரர்: சுரபுன்னை விதையை எப்போது பறிக்கலாம்?

பறிக்கவே வேண்டாம். அது மரத்திலேயே முளைத்து நாற்றாகத் தொங்கும். முற்றியது தொட்டால் கையோடு வந்துவிடும். இழுத்தால்தான் வருகிறது என்றால் இன்னும் நாளாக வேண்டும்.

தன்னார்வலர்: அண்ணா, கூலி கொடுக்கும் வரை ஊர்க்காரர்கள் வருகிறார்கள். திட்டம் முடிந்ததும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அக்கறை இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு நாள் சேற்றில் நின்றால் அந்த நாள் மீன்பிடி போச்சு. கூலி கேட்பது நியாயம்தான். நாம் கேட்க வேண்டியது வேறு: காடு வளர்ந்த பிறகு அது யாருக்கு? நட்டவரையே நாளைக்கு அத்துமீறி நுழைந்தவர் என்று விரட்டுவார்கள் என்றால், அவர் ஏன் செடிக்குக் காவல் இருக்க வேண்டும்?

உரிமை கைக்கு வந்த இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். காம்பியா நாட்டில் தான்பி சதுப்பு நிலத்தில் பெண்கள் அலையாத்தி வேரில் ஒட்டிய சிப்பியை எடுத்துப் பிழைக்கிறார்கள். 2012இல் அரசு அந்தச் சிப்பி எடுக்கும் தனியுரிமையை அவர்கள் சங்கத்துக்கே கொடுத்தது. வேரோடு வெட்டாமல் சிப்பியை மட்டும் எடுப்பது, ஆண்டில் சில மாதம் எடுக்காமல் விடுவது என்ற கட்டுப்பாட்டை அவர்களே நடத்துகிறார்கள், மரமும் நடுகிறார்கள்.

வனத்துறையில் வேலை பார்ப்பவர்: காட்டுக்குள் ஆளே நுழையக்கூடாது என்று தடை போட்டால் காடு தானாக வளராதா?

புதிதாக நட்ட இடத்துக்கு ஆடு மாடு வராமல் சில வருடம் பார்த்துக்கொள்வது அவசியம். வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையின் இலை என்றால் மாட்டுக்கு உயிர். அதை ஊரோடு பேசி எல்லை வகுத்துச் செய்யலாம். முழுத் தடையை நான் ஏற்கவில்லை. பகலில் போய்வர உரிமை உள்ளவர் கண்ணில் படாமல் யாரும் மரம் வெட்ட முடியாது. அவரை வெளியே தள்ளினால் அந்தக் கண்ணும் போய்விடும். தாய்லாந்தின் திராங் மாகாணத்தில் 1980களிலிருந்து மீனவ ஊர்கள் தங்கள் சமூகக் காட்டைத் தாங்களே விதி போட்டுக் காக்கின்றன. பிடித்துப் பிழைக்கவும் செய்கிறார்கள், காடும் நிற்கிறது.

கணக்காளர்: கார்பன் வரவு விற்றுக் காடு வளர்க்கலாம் என்கிறார்களே, நம்பலாமா?

கார்பன் வரவு என்றால், காடு காற்றிலிருந்து இழுத்துச் சேர்க்கும் கார்பனைக் கணக்கிட்டு, புகை விடுகிற நிறுவனங்களுக்கு விற்பது. கென்யாவின் காசி விரிகுடாவில் 117 ஹெக்டேர் காட்டை வைத்து மிக்கோக்கோ பமோஜா என்ற திட்டம் 2013இல் தொடங்கியது. விற்ற பணம் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது; எதற்குச் செலவு என்பதை ஊர் கூடிப் பேசி முடிவு செய்கிறது. அலையாத்தி சேர்க்கும் கார்பனில் பெரும்பங்கு காலடியில் உள்ள சேற்றில் இருப்பதால், சிறிய காட்டுக்கும் மதிப்பு உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஊர் மூன்றைக் கேட்க வேண்டும்: பணம் யார் கணக்கில் ஏறும், எத்தனை வருடத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறோம், நண்டு பிடிக்கத் தடை வருமா. பதில் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பள்ளி ஆசிரியை: மாணவர்களை அழைத்துப் போனால் என்ன செய்யச் சொல்லலாம் ஐயா? நாற்று நடுவதுதான் வழக்கம்.

கல்லேன் பொக்குடன் கேரளத்தின் கண்ணூர் பக்கத்தில் தனியாளாக அலையாத்தி நாற்று நடத் தொடங்கியவர். ஆற்றோரத்துச் சேறும் மீனும் சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பழக்கம். நட்டதெல்லாம் அந்தப் பழக்கத்தின் பலத்தில்தான். உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கத்தைக் கொடுங்கள்.

வற்றம் பார்த்துப் போங்கள், செருப்பு கட்டாயம், சேற்றுக்கு மேல் நீட்டி நிற்கும் மூச்சுவேர் குத்தும். ஓர் உயரமான கழியில் அளவுக் கோடு போட்டுச் சேற்றில் ஊன்றச் சொல்லுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஏற்றங்களில் தண்ணீர் எந்தக் கோடு வரை வந்தது என்று குறித்துவரட்டும். ஆறு மாதம் அப்படிக் குறித்த பிறகு, உள்ளூரில் நண்டு பிடிக்கிறவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். எங்கே நடலாம் என்பதை அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவார்.